வணிக நிரலுக்கு முன்மாதிரி: குறிமொழி உருமாற்ற முறை

தாதரில் உள்ள ஹிந்த்மாதா கடைத்தெரு துணி வணிகத்திற்குப் பெயர் பெற்றது. அங்குள்ள சேலைக் கடை ஒன்றிற்கு விற்பனைச் சீட்டு தயாரிக்கும் கணிப்பொறி நிரல் வேண்டும் எனக் கொள்வோம். முழு நிரலையும் எழுதி முடித்த பின்னர் வரி விதியில் பிழை காணப்படின் பொருளும் காலமும் வீணாகும். ஆகவே, விதியை மட்டும் முன்னதாகச் சோதிக்கும் எளிய முறையொன்றை இங்கு விளக்குவோம்.

இம்முறைக்கு இரண்டு ஏடுகள் தேவை. முதலாவது, விவர ஏடு. இது 1998-இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். குறிமொழியில் அமையும், வாங்குவோர், சரக்கு, அளவு, விலை ஆகியவை தத்தம் பெயர்க்குறிகளுக்கு இடையே நிற்கும். இரண்டாவது, உருமாற்ற ஏடு. இது 1999-இல் வெளியான எக்ஸ்.எஸ்.எல்.டி. மொழியில் எழுதப்படுவது. இன்ன குறியைக் கண்டால் இன்னதை வெளியிடுக என்னும் விதிகளே இதில் இருக்கும். இவ்விரண்டையும் உருமாற்றும் செயலியிடம் கொடுத்தால் விற்பனைச் சீட்டு கிடைக்கும்.

சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: மகாராஷ்டிரத்திற்கு 27, தமிழ்நாட்டிற்கு 33. வாங்குவோர் எண் 27 எனத் தொடங்கினால் மத்திய வரி 2.5 சதவீதம், மாநில வரி 2.5 சதவீதம், இல்லையேல் ஒருங்கிணைந்த வரி 5 சதவீதம் என்று விதி எழுதுவோம்.

ரூ. 600 வீதம் 20 பருத்திச் சேலைகளின் விலை ரூ. 12,000. மும்பை வணிகருக்கு வரி ரூ. 300, ரூ. 300 என இரண்டாகப் பிரியும். மதுரை வணிகருக்கு அனுப்பினால் ரூ. 600 என ஒன்றாக நிற்கும். இரண்டிலும் மொத்தம் ரூ. 12,600 என்பதைக் கவனிக்க. மொத்தம் ஒத்திருப்பதால் வரி இனம் மாறியது எளிதில் புலப்படாது. பின்னர்த் தெரியவந்தால், சரியான வரியை மீண்டும் செலுத்திவிட்டு, முன்பு செலுத்தியதைத் திரும்பக் கோர நேரிடும்.

இனி, பதிவெண்ணும் முகவரியும் தராமல் கடையிலேயே வாங்கும் சில்லறை வாடிக்கையாளர் ஒருவரை விவர ஏட்டில் சேர்ப்போம். எண் 27 எனத் தொடங்காமையால் அவர்மீது ஒருங்கிணைந்த வரி விழுகிறது. சட்டப்படி அவ்விற்பனை கடை உள்ள மாநிலத்தைச் சார்ந்தது. பிழை வெளிப்பட்டது, உருமாற்ற ஏட்டில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் அது நீங்கும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. இம்மொழியின் முதற்பதிப்பு எண்களை மிதவைப் புள்ளி முறையில் கணக்கிடுவதால், பைசாக் கணக்கை இதனிடம் முற்றிலும் ஒப்படைத்தலாகாது. சரக்கிருப்பைக் குறைத்தல், பலர் ஒரே நேரத்தில் பதிவு செய்தல் ஆகியவற்றை முழு நிரலே கவனிக்க வேண்டும். எனினும், சோதனைக்கு உதவிய விவர ஏடுகளைப் பாதுகாத்து வைத்தால், முழு நிரலையும் அவற்றைக் கொண்டே சரிபார்க்கலாம்.

பயிற்சி: பதிவெண் இன்றி, மதுரை முகவரி மட்டும் தந்து சேலை அனுப்பச் சொல்பவருக்கு எவ்வரி பொருந்தும்? மாணவர் இதற்குரிய விதியை எழுதிச் சோதிக்குமாறு செய்க.