ரோஜா எங்கே போயிற்று?

சென்ற கிறிஸ்துமஸுக்கு என் பாட்டிக்கு ஐரிஸ் மடிப்பில் ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். நட்சத்திர வடிவத்துக்கு வீட்டிலிருந்த மிக அழகான தாளை எடுத்தேன். பெரிய பெரிய ரோஜாப் பூக்கள் போட்ட தாள் அது. மாலை முழுதும் மடித்து ஒட்டித் திருப்பிப் பார்த்தால் ரோஜாவைக் காணோம்! சிவப்புத் திட்டுகளே இருந்தன. "என்ன கண்ணு இது, தக்காளியா?" என்றார்கள் பாட்டி. அன்று கற்ற பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஐரிஸ் மடிப்பு ஹாலந்து நாட்டுக் கைவேலை. அட்டையில் ஒரு வடிவத்தை வெட்டியெடுத்து, அந்தத் திறப்பின் பின்புறம் மடித்த தாள் பட்டைகளை வரைபடத்தின்படி சுற்றிச் சுற்றி ஒட்ட வேண்டும். முன்புறம் பார்த்தால், காமிரா லென்சில் சுருங்கும் துளைபோல் பட்டைகள் நடுவை நோக்கிச் சுழலும். கடித உறைகளின் உட்புறம் அச்சிட்ட கோலங்களையே அங்கு முதலில் பயன்படுத்தினார்கள். ஆகவே விலையுயர்ந்த தாள் தேவையில்லை.

முதலாவது, கோலம். 2 செ.மீ. அகலப் பட்டையை இரண்டாக மடித்தாலும், வெளியே தெரிவது சில மில்லிமீட்டர் ஓரமே. பெரிய பூ அதில் அடங்காது. புள்ளி, மெல்லிய கோடு, சிறு கட்டம் ஆகியவை அடங்கும். பழைய அட்டையில் 3 மி.மீ. அகலத்துக்கு ஒரு கீறல் வெட்டித் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். அதன் வழியே அழகாகத் தெரியும் தாளே ஏற்றது.

இரண்டாவது, நிறம். செஞ்சிக்குப் போகும்போது ராஜகிரியைப் பாருங்கள். புதரின் கரும்பச்சை, பாறையின் பழுப்பு, வானத்தின் வெளிர்நீலம் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தனித்தனியே தெரிகின்றன. அவ்வாறே அடர்ந்தது, நடுத்தரம், வெளிறியது என்று தேர்ந்தெடுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கும்போது இரண்டு தாள்கள் ஒன்றுபோல் தோன்றினால் ஒன்றை மாற்றுங்கள். சதுரத்துக்கு நான்கு தாள், பக்கத்துக்கு ஒன்று, வரிசை மாறக்கூடாது.

மூன்றாவது, கனம். புதுவை ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதம் போன்ற தடித்த தாள் முன் அட்டைக்குச் சிறந்தது. பட்டைக்கு வைத்தால் பின்புறம் புடைத்துவிடும். பட்டைக்கு மெல்லிய தாளே வேண்டும். நடுவில் மிஞ்சும் துளைக்குச் சாக்லேட் சுற்றிய பொன்னிறத் தாள் போதும்.

பழுப்பு உறை, கோடு போட்ட உறை, பச்சைத் தாள் ஆகியவற்றை வைத்துப் பாட்டிக்கு மறுபடி ஓர் அட்டை செய்தேன். கண்ணாடியைப் போடாமலே, "நட்சத்திரம்!" என்றார்கள்.