புதியவர்களை வளர்த்த 'எழுத்து'

கதையோ கவிதையோ எழுதிப் பார்க்காத மாணவர் நம்மிடையே குறைவு. ஆனால், எழுதியதை முதலில் யாரிடம் காட்டுவது? என்னைப்போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களுக்கு இது பெரிய கேள்வி. படித்துப் பார்த்து நிறைகுறை சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அந்த முதல் வாசகரின் இடத்தை நிரப்புவதே இலக்கியச் சிற்றிதழ்களின் தலையாய பணி எனலாம். இதற்குச் சிறந்த சான்று 'எழுத்து'.

1959 ஜனவரியில் சென்னையில் இவ்விதழைத் தொடங்கியவர் சி. சு. செல்லப்பா. அவரும் சிற்றிதழ்களால் உருவானவரே. 1930களில் 'சுதந்திரச் சங்கு', 'மணிக்கொடி' இதழ்கள் அவருடைய தொடக்ககாலச் சிறுகதைகளை வெளியிட்டன. தாம் பெற்றதை அவர் அடுத்த தலைமுறைக்குத் தந்தார்.

அவர் புதியவர்களை எவ்வாறு கண்டெடுத்தார்?

முதலாவதாக, பெயரைப் பாராமல் படைப்பைப் பார்த்தார். இலங்கைத் திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமு (பின்னாளில் பிரமிள்) 1939இல் பிறந்தவர். அவருடைய எழுத்து இவ்விதழில் வரத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபதை ஒட்டியே இருந்தது. நம் வயதுதான்!

இரண்டாவதாக, மூத்தவர்களுக்குப் பக்கத்திலேயே இளையவர்களுக்கும் இடமளித்தார். யாப்பில்லாதது கவிதையே அன்று எனப் பலர் மறுத்த காலம் அது. ந. பிச்சமூர்த்தி எழுதிய ஏட்டில் சி. மணியின் 'நரகம்' என்னும் நெடுங்கவிதையும் வெளிவந்தது.

மூன்றாவதாக, விமர்சனத்தை வளர்த்தார். வடநாட்டில் அரசுப் பணியிலிருந்த வெங்கட் சாமிநாதன் விமர்சகராக அறிமுகமானது இங்கேதான். பாராட்டு மட்டும் எழுத்தாளனை வளர்க்காது. குறை சொல்லவும் ஒருவர் வேண்டும்.

நான்காவதாக, இதழோடு நிற்காமல் நூலாக்கினார். 24 கவிஞர்களின் 63 கவிதைகள் 1962இல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பாயின. புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார்.

119 இதழ்களுக்குப் பின் 1970இல் 'எழுத்து' நின்றது. வணிகக் கண்ணால் பார்த்தால் அது தோல்வியே. ஆனால், அதில் எழுதியவர்கள் நிலைத்தனர், புதுக்கவிதையும் நிலைத்தது.

நம் ஆண்டுமலர் ஆண்டுக்கு ஒருமுறையே வருகிறது. மூன்றாண்டுப் படிப்பில் ஒரு மாணவருக்குக் கிடைப்பது மூன்றே வாய்ப்புகள். எனவே, துறைதோறும் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துவோம். பேராசிரியர்கள் ஓரத்தில் இரண்டு வரி கருத்து எழுதித் தந்தால் போதும். இதற்கு அச்சுச் செலவு இல்லை. தேவைப்படுவது படிக்கும் மனம் ஒன்றே. நம் வகுப்பின் கடைசி பெஞ்சிலும் ஒரு நோட்டுப் புத்தகம் மூடிக்கிடக்கலாம். அதைக் கேட்டு வாங்கிப் படிப்போமா?