பால்கோவா மேல் பழி போடலாமா?

தியானப் பகுதி: எண்ணாகமம் 11-ம் அதிகாரம், தானியேல் 1-ம் அதிகாரம், நீதிமொழிகள் 25:16



ஜெபக்குறிப்புச் சீட்டுகளை வாசிக்கிற எந்த ஊழியரையும் கேட்டுப் பாருங்கள். முதலில் கடன், அப்புறம் பிள்ளைகளின் கல்யாணம், அதற்கு அடுத்தபடி சுகர். "சுகர் கட்டு உடையணும்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஜெபிக்கிறோம். ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சீட்டை எழுதின கை, ஆராதனை முடிந்ததும் எதை எடுத்து வாயில் போடுகிறது? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

நம்முடைய பகுதி தித்திப்புக்குப் பேர்போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பார்க்கிற பக்கமெல்லாம் பால்கோவா போர்டு. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாலும் சீனியும் சேர்த்து, அடுப்பை விட்டு நகராமல் கிண்டி எடுக்கிற பண்டம் அது. மாடு வளர்க்கிற எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. அதற்கு விரோதமாக ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. விருந்தாளி வந்தால் ஒரு கரண்டி வையுங்கள், சந்தோஷமாகச் சாப்பிடட்டும். கால் கிலோ பாக்கெட்டை வாங்கி, ராஜபாளையம் வந்து சேருமுன்னே பஸ்ஸிலேயே காலி பண்ணிவிட்டு, "பிசாசு சோதிச்சிட்டான் பிரதர்" என்கிறோமே, அங்கேதான் எனக்குச் சங்கடம். பாக்கெட்டைப் பிரித்தது பிசாசா?

தேனைக் குறித்து நீதிமொழிகளில் சாலொமோன் என்ன சொல்கிறார்? தேன் கெட்டது என்று சொல்லவில்லை. அளவைத்தான் சொல்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னதும் அளவுதான். சேர்க்கிற சர்க்கரை, ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. இருபத்தைந்து கிராம் என்றால் ஐந்தாறு டீஸ்பூன். இப்போது உங்கள் கணக்கை நீங்களே பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. டீயிலேயே பத்து ஸ்பூன் உள்ளே போய்விட்டது. ஒரு சின்னப் பாட்டில் கோலாவில், 300 மில்லியில், 30 கிராமுக்கு மேல் இருக்கிறது. பால்கோவா இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை!

"நான் இனிப்பே தொடுறதில்லை, ராத்திரி ரெண்டு பரோட்டா மட்டும்தான்" என்கிற சகோதரர்களும் உண்டு. பரோட்டா நாக்குக்கு இனிக்காது, இரத்தத்தில் இனிக்கும். மைதாவில் தவிடு போய்விட்டது, நாரும் போய்விட்டது. மிச்சமிருக்கிற மாவு சீக்கிரமாய்ச் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுகிறது. தள்ளுவண்டி நூடுல்ஸுக்கும் ஃபிரைட் ரைஸுக்கும் இதே கதைதான், எண்ணெய் மட்டும் கூடுதல். வேகமாய் ஏறின சர்க்கரையை இறக்கச் சரீரம் இன்சுலினை ஊற்றுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் அது இறங்கும்போது பலருக்கு மறுபடியும் பசி எடுக்கிறது. அதைத்தான் "என்னமோ வாய் கேக்குது" என்கிறோம். மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டுகிற சுரப்பு கூடி, போதும் என்று சொல்லுகிற சுரப்பு குறையும். அவர்களைக் குற்றப்படுத்தி நான் எழுதவில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு அந்தப் பக்கத்தில் திறந்திருக்கிற கடையில் சுண்டலா விற்கிறார்கள்?

இனி வேதத்துக்கு வருவோம். எண்ணாகமம் 11-ல் ஜனங்கள் பட்டினியாய் இருக்கவில்லை. மன்னா தினமும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் அழுதது ருசிக்காக. எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து நினைத்து அழுதார்கள். அடிமைத்தனத்தின் சவுக்கடி மறந்துபோயிற்று, பூண்டு மறக்கவில்லை! காடை வந்து குவிந்தபோது இரவும் பகலும் சேர்த்தார்கள். அந்த இடத்துக்குக் கிப்ரோத் அத்தாவா என்று பேர் வந்தது, இச்சையின் கல்லறைகள் என்று அர்த்தம். காடை பாவமான பறவை அல்ல என்பதைக் கவனியுங்கள். அதை அனுப்பினவரே தேவன்தான்.

தானியேலைப் பாருங்கள். ராஜாவின் போஜனத்தைத் தடை பண்ணுங்கள் என்று அவன் மனு கொடுக்கவில்லை. தன் தட்டை மாத்திரம் மாற்றிக்கொண்டான். அதையும் பிரதானியிடம் மரியாதையாய்க் கேட்டு, பத்து நாள் சோதித்துப் பாரும் என்று தவணை வாங்கினான். நம்மிலே சிலர் எல்லாவற்றையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்கிற சாயம் இருப்பது தெரிந்து தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. நல்ல காரியம். ஆனால் சாயத்தைத் தடை பண்ணலாம், சீனியை யார் தடை பண்ணுவார்?

நீங்களும் பத்து நாள் தவணை எடுங்கள். டீயில் இரண்டு ஸ்பூன் போடுகிறவர் ஒன்றாக்குங்கள். முதல் மூன்று நாள் கசப்பாய்த்தான் இருக்கும், போகப் போக நாக்கு பழகிக்கொள்ளும். பசியோடு பலகாரக் கடைப் பக்கம் போகாதீர்கள். "சீனிதானே கெடுதி, நான் கருப்பட்டி போடுறேன்" என்கிற அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை: கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். மணம் வேறே, சுகர் ஏற்றுவதில் பெரிய வித்தியாசமில்லை. பிள்ளைகளுக்கு இந்தப் பொறுப்பைச் சுமத்தாதீர்கள். அழுகையை நிறுத்தப் பாட்டில் ஜூஸ் வாங்கிக் கொடுக்கிறது பெரியவர்கள்தானே. சபைகளுக்கும் பொறுப்பு உண்டு. பிறந்த நாளுக்குக் கேக், ஸ்தோத்திர ஆராதனைக்கு லட்டு, கூட்டம் முடிந்து சீனி தூக்கலாய் டீ, இத்தனையும் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் சுகருக்கு ஜெபிக்கிறோம். கேத்தலில் சீனி போடாமல் இறக்கி, சீனி டப்பாவைப் பக்கத்தில் வைத்தால் போதும், வேண்டியவர் போட்டுக்கொள்வார்.

இது சின்னக் காரியம் என்று நினைக்க வேண்டாம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர் என்றும், அதன் வாசற்படியில் நிற்கிறவர்கள் 13 கோடிக்கு மேல் என்றும் சொல்லுகிறது. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. சுகரால் காலின் உணர்ச்சி செத்து, ஆணி குத்தினது தெரியாமல் நடந்து, ஆறாத புண்ணோடு வருகிறவர்களுக்கும் அந்தத் துணியைத்தான் சுற்றுகிறார்கள்.

விசுவாசத்தின் பேரில் மாத்திரையை நிறுத்துகிறவர்களே, கேளுங்கள். தேவன் சுகம் தந்திருந்தால் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லுகிறது டாக்டராக இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. காசில்லை என்று சொல்ல வழியில்லை.

உபவாச ஜெபத்துக்கு வருகிற சுகர்காரர்கள் முன்னதாகவே டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். இன்சுலின் போட்டுவிட்டோ, சிலவகை மாத்திரைகளைப் போட்டுவிட்டோ பட்டினி இருந்தால் சுகர் திடீரென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். உபவாசக் கூட்டத்தில் இப்படி ஒருவர் நடுங்கினால் ஆவியின் நிறைவு என்றோ, அசுத்த ஆவி என்றோ சொல்லி உடனே சுற்றி நின்று கைவைத்து ஜெபிக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதலில், "சுகர் இருக்கா? மாத்திரை போட்டீங்களா?" என்று கேளுங்கள். நினைவோடு இருந்தால் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம் கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வையுங்கள், அன்றைக்கு அவருடைய உபவாசம் அவ்வளவுதான். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-க்குப் போன் பண்ணுங்கள். ஜெபக் கூட்டம் நடக்கிற வீட்டில் ஒரு சீனி டப்பா எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.