வேத பாடம்: தூண் என்றால் யார்?



வெளியூர் ஊழியர் கூட்டத்துக்கு வந்தால், முன்வரிசையில் இருக்கிற ஒருவரைக் காட்டி, "ஐயா, இவர் நம்ம சபைக்குத் தூண்" என்று சொல்லுகிற பழக்கம் நமக்கு உண்டு. நானும் ஒரு சகோதரனை அப்படிப் பல தடவை அறிமுகப்படுத்தியிருக்கிறேன். காணிக்கைக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதற்காக, அடுத்த ஞாயிறே அவர் குடும்பத்தோடு வேறு சபைக்குப் போய்விட்டார். கூரை விழவில்லை. அதன் பிறகுதான் இந்தச் சொல்லை வேதத்தில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தமிழில் தூண் என்பது பாரம் தாங்குகிற மரம் அல்லது கல். அதிலிருந்துதான் குடும்பத்துக்குத் தூண், சபைக்குத் தூண் என்கிறோம். ஆனால் சும்மா நிற்கிறவனைப் பார்த்து, "ஏண்டா தூண் மாதிரி நிக்கிறே?" என்று திட்டுவதும் இதே சொல்லை வைத்துத்தான்!

எபிரெயத்தில் தூணுக்கு 'அம்மூத்' என்று பெயர். 'நிற்பது' என்ற வினையிலிருந்து பிறந்தது. சாலொமோன் ஆலயத்துத் தூண்களும், வனாந்தரத்தில் ஜனங்களுக்கு முன் சென்ற மேகமும் அக்கினியும் எபிரெயத்தில் ஒரே சொல்தான். நம்முடைய வேதாகமம் பின்னதை ஸ்தம்பம் என்கிறது. யாக்கோபு பெத்தேலில் நிறுத்தின கல்லுக்கோ எபிரெயத்தில் வேறு சொல். நட்டுவைத்த கல் என்று அர்த்தம். அது நினைவுக்காக நின்றது, எதையும் தாங்கவில்லை. லோத்தின் மனைவி ஆன உப்புத்தூணுக்கு இன்னொரு சொல். அதுவும் ஒன்றையும் தாங்கவில்லை.

சிம்சோன் சாய்த்த தூண்களை ஞாயிறு பள்ளிப் படங்களில் ராட்சதக் கல்தூண்களாகப் பார்த்திருக்கிறோம். 1970-களில் டெல் அவீவ் நகரிலுள்ள தெல் கசீலே என்ற மேட்டைத் தோண்டினபோது ஒரு பெலிஸ்தர் கோவில் வெளிப்பட்டது. அதன் கூடத்தின் நடுவே, கூரையைத் தாங்கின இரண்டு மரத்தூண்களின் கல் ஆதாரங்கள் அருகருகே இருந்தன. அது காசாவிலிருந்த கோவில் அல்ல. ஆனாலும் நியாயாதிபதிகள் 16-ம் அதிகாரம் படிக்கும்போது இந்த அமைப்பு உதவும். அந்த இரண்டு போனால் கூரை போச்சு.

இப்போது 1 இராஜாக்கள் 7-க்கு வாருங்கள். யாகீன், போவாஸ் என்ற வெண்கலத் தூண்கள். உயரம் 18 முழம், சுற்றளவு 12 முழம். உச்சியில் லீலிபுஷ்ப வேலை, வரிசை வரிசையாக மாதளம்பழங்கள். தேசத்தில் அதைவிட அழகான தூண் இருந்திருக்காது. ஆனால் எரேமியா 52:21-ஐயும் சேர்த்துப் படியுங்கள். நாலு விரற்கடை கனம், உள்ளே வெறுமை! கி.மு. 586-ல் எருசலேம் விழுந்தபின், கல்தேயர் அவற்றை உடைத்து வெண்கலமாக பாபிலோனுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

மனிதர்களையும் பவுல் தூண் என்கிறார். கலாத்தியர் 2:9-ல் யாக்கோபு, கேபா, யோவான் மூவரும் தூண்களாக எண்ணப்பட்டவர்கள். 'எண்ணப்பட்டவர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டே வசனம் தள்ளி, அந்தியோகியாவில் மற்றவர்களுக்குப் பயந்து பந்தியைவிட்டு விலகின பேதுருவை, முகத்துக்கு முன்பாகவே பவுல் எதிர்க்கிறார். பேதுருவே ஆடினார் என்றால் நாம் எம்மாத்திரம்?

வெளிப்படுத்தல் 3:12-ல் தூணாக்குவேன் என்ற வாக்கு பிலதெல்பியா சபைக்கு. இன்றைய துருக்கியிலுள்ள அலாஷெஹிர்தான் அந்த ஊர். கி.பி. 17-ல் பெரிய பூமியதிர்ச்சி அந்த வட்டாரத்தையே நொறுக்கியது. அங்கே சுவர்கள் அடிக்கடி விரிசல் விட்டதால், ஜனங்களில் பலர் ஊருக்கு வெளியே வயற்காடுகளில் குடியிருந்ததாக ஸ்திராபோ என்பவர் எழுதிவைத்திருக்கிறார். வெளியே ஓடி ஓடிப் பழகின ஜனத்துக்குத்தான், இனி வெளியே போகவேண்டியதில்லை என்ற வாக்கு! அதுவும் பெலன் கொஞ்சமே உள்ள சபை என்று 8-ம் வசனம் சொல்லுகிறது. காசுள்ள லவோதிக்கேயாவுக்கு இந்த வாக்கு இல்லை.

பெயர் எழுதுவதையும் பாருங்கள். உதவி செய்த இராயர்களின் பெயரை அந்த ஊர் இரண்டு தடவை தன்மேல் சூட்டிக்கொண்டது. இரண்டும் நிலைக்கவில்லை. இந்தத் தூணிலோ தேவனுடைய நாமம் எழுதப்படுகிறது.

எங்கள் ஆலயச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் மூன்றாவது வரியில் அந்தச் சகோதரனுடைய பெயர். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் வந்து, பெருக்கி, பாய் விரித்து, தண்ணீர்ப் பானையை நிரப்பிவிட்டுப் போகிற அம்மாவின் பெயர் அதில் இல்லை. அந்த அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை.