சம்பளம் பேச ஒரு நேரம் உண்டு

சென்னை

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். அன்றைக்கு நீ போனில் கேட்டதற்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

முதல் அழைப்பிலேயே "எக்ஸ்பெக்டட் சிடிசி எவ்வளவு?" என்று கேட்கிறார்களே, உடனே சொல்வதா, தள்ளிப்போடுவதா என்று கேட்டாய். "நாமாகச் சம்பளப் பேச்சை எடுத்தால் தப்பாக நினைப்பார்கள்" என்று உன் அப்பா சொன்னதாகவும் சொன்னாய். அண்ணன் சேர்ந்தது அரசு வேலையில். அங்கே சம்பள விகிதம் விளம்பரத்திலேயே அச்சாகியிருக்கும், பேச ஒன்றுமில்லை. தனியார் வேலையில் பேசித்தான் ஆகவேண்டும். எப்போது பேசுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆள் எடுக்கும் வேலையிலேயே என் காலம் போனது. அங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேள். ஓர் இடத்துக்கு ஆள் தேடத் தொடங்கும் முன்பே, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். உன்னை முதலில் அழைக்கிறவர் முன்னால் ஓர் எக்செல் ஷீட் திறந்திருக்கும். இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட் ஆகிய மூன்றையும் நிரப்பினால்தான் உன் பெயர் அடுத்த சுற்றுக்கு நகரும். அவர் பேரம் பேசவில்லை. தொகைக்குள் அடங்குகிறவர்களை மட்டும் பிரித்து எடுக்கிறார்.

வாடகைக்கு வீடு தேடும்போது வாடகை எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிடுவோம். குறைத்துக் கேட்பதெல்லாம் வீட்டைப் பார்த்துப் பிடித்த பிறகுதான். இதுவும் அப்படித்தான். அதனால் முதல் அழைப்பில் மழுப்பாதே. "இந்தப் பொறுப்புக்கு என்ன ரேஞ்ச் வைத்திருக்கிறீர்கள்?" என்று நீ முதலில் கேள். சிலர் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால், "இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் பார்க்கிறேன், வேலையின் பொறுப்பு தெரிந்தபின் விவரமாகப் பேசலாம்" என்று ஒரு தடவை சொல்லி நிறுத்திக்கொள். நீ சொல்லும் கீழ்த் தொகையைத்தான் அவர் ஷீட்டில் எழுதிக்கொள்வார். ஆகவே அந்தத் தொகைக்கே சேர்ந்தாலும் உனக்கு வருத்தம் வராததாக அது இருக்கட்டும். கோயம்புத்தூரை விட்டு இங்கே வந்தால் ஆகிற வாடகை, அட்வான்ஸ், போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிட்டு போனை எடு.

அதன்பின் டெக்னிக்கல் ரவுண்டுகள் முடியும்வரை பணத்தைப் பற்றிப் பேசாதே. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் உன்னோடு வேலை செய்யப்போகிறவர்கள். சம்பளம் முடிவு செய்வது பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை. குழு எப்படி, ஆறு மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேள்.

"செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்று சொல்லி எச்ஆர் ரவுண்டுக்கு அழைக்கிறார்களே, அதுதான் நேரம். அவர்கள் உன்னை வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நீ இன்னும் சரி சொல்லவில்லை. இந்தச் சில நாட்களில்தான் உன் பேச்சுக்கு எடை அதிகம். உன்னை விட்டால் அவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆள் தேடவேண்டும். கையெழுத்துப் போட்டபிறகு நீ கேட்பது வெறும் விண்ணப்பம்.

அப்போது சிடிசி, அதாவது உனக்காகக் கம்பெனிக்கு ஆகும் வருட மொத்தச் செலவு, என்ற ஒற்றை எண்ணைக் கேட்டு மயங்காதே. பிரேக்-அப் கேட்டு வாங்கு. 9 லட்சம் என்றால் மாதம் 75,000 வரும் என்று நினைப்பாய். அதில் 10 சதவீதம் வேரியபிள் என்றால் 90,000 தனியாகப் போய்விடும். பேசிக் 4,50,000 என்று வை. கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், அதாவது 54,000, கிராஜுவிட்டி 4.81 சதவீதம், சுமார் 21,600. இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடக்கம். உன் பங்கு பிஎஃப் இன்னொரு 54,000 பிடிப்பார்கள். தொழில்வரியும் போக மாதம் கைக்கு வருவது சுமார் 56,500. பிஎஃப் உன் சேமிப்புதான். ஆனால் கிராஜுவிட்டி, நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருட சர்வீஸ் முடிந்தால்தான் கிடைக்கும். வேரியபிள் போன வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், ஜாயினிங் போனஸை இடையில் விலகினால் திருப்பிக் கேட்பார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேள்.

கூச்சம் என்று சொன்னது காரணமாகத்தான். நன்றாகப் பதில் சொல்லித் தேர்வான பெண் பிள்ளைகள் கடைசியில், "நீங்களே பாத்துப் போடுங்க சார்" என்று எழுந்து போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒப்புதல் வாங்கிய தொகையின் கீழ்முனைதான் கிடைக்கும். அதே தகுதியோடு வந்த பையன் இன்னொரு லட்சம் கேட்பான், வாங்கிக்கொண்டும் போவான். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் சேரும் நாளில் விழுந்த இடைவெளி அதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு வருட ஹைக்கும் சதவீதத்தில்தான் வருகிறது. அடுத்த கம்பெனியும் பழைய சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. இது என்னை இன்றும் உறுத்துகிறது. நீ பார்த்துப் போடச் சொல்லாதே. எண்ணைச் சொல், காரணத்தைச் சொல், பிறகு பேசாமல் இரு. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நீயே குறைத்துக்கொள்ளாதே.

இப்போதைய சம்பளத்தை மட்டும் கூட்டிச் சொல்லாதே. மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 கேட்பார்கள்; பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை வைத்தும் சரிபார்ப்பார்கள். பொய் தெரிந்தால் கையில் வந்த ஆஃபரும் போய்விடும். "என் சம்பளம் இது; இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது இது" என்று சொல்வதில் குறைவொன்றும் இல்லை.

கடைசியாக, வாய்வார்த்தையை நம்பிப் பேப்பர் போடாதே. "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்கு எழுத்து கிடையாது. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, பேசிய ஒவ்வொரு தொகையும் அதில் இருக்கிறதா என்று பார்த்தபிறகே ராஜினாமா. நேரம் வேண்டும் என்றால் இரண்டு நாள் கேள். அதற்காகப் பெரும்பாலும் யாரும் ஆஃபரைத் திரும்ப வாங்கமாட்டார்கள். அப்படி வாங்குகிற இடத்தில் நீ சேராமல் இருப்பதே நல்லது.

உன் உழைப்புக்கு விலை சொல்வது பேராசை இல்லை. பிரேக்-அப் வந்ததும் எனக்கு அனுப்பு. சரி சொல்வதற்கு முன் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை