வீட்டு விளக்கு இணைப்பில் கம்பிகளின் நிறம்

சாயமிட்ட நூற்சிட்டங்களை நிறம் நிறமாகப் பிரித்து வைப்பது நெசவாளர் இல்லங்களில் பழகிய ஒழுங்காகும். கரைக்கு எடுத்த நூல் உடலில் புகுந்துவிட்டால் சேலையின் விலை குறையும்; நஷ்டம் அவ்வளவோடு நிற்கும். சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளில் நிறம் மாறினாலோ, அதனால் நேரக்கூடிய நஷ்டத்தை எந்தப் பேரேட்டிலும் ஈடு கட்ட இயலாது. உறுப்பினர் பலர் கடன் பெற்றுப் புது வீடு எழுப்பியும், பழைய ஓட்டு வீடுகளுக்குக் கம்பி மாற்றியும் வருகின்றனர். ஆகவே, விளக்கு ஸ்விட்சுக்குச் செல்லும் கம்பிகளுக்கு எந்த நிறம், ஏன் அந்த நிறம் என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம். வேலையைச் செய்ய வேண்டியவர் உரிமம் பெற்ற வயர்மேனே. எனினும், நடந்த வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பொறுப்பு வீட்டுக்காரரையே சார்ந்தது.

1. மூன்று கம்பிகளும் அவற்றின் தொழிலும்

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. அதை உள்ளே கொண்டு வரும் கம்பி 'பேஸ்' எனப்படும்; அதற்குச் சிவப்பு நிறம். விளக்கில் வேலை செய்த மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி 'நியூட்ரல்', அதற்குக் கறுப்பு. மூன்றாவது 'எர்த்' என்னும் நிலக்கம்பி. அதற்குப் பச்சை, அல்லது மஞ்சள் கோடிட்ட பச்சை. எர்த் கம்பியில் சாதாரணமாக மின்சாரம் ஓடாது. உலோகப் பாகத்தில் மின்கசிவு நேர்ந்தால், அதை மண்ணுக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் தொழில். ஆதலால் பச்சை நிறக் கம்பியை வேறு எக்காரியத்திற்கும் பயன்படுத்தலாகாது.

மும்முனை மின்சாரம் பெறும் பம்புசெட்டு உடைய விவசாயிகளும், விசைத்தறிக் கூடம் நடத்துவோரும் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று பேஸ் கம்பிகளை அறிவர். அவற்றுள் இரண்டை இடம் மாற்றிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். நிறத்தைக் கவனியாமையின் விளைவு அங்கே உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. விளக்கு இணைப்பிலோ அது தெரிவதில்லை. ஸ்விட்சு எப்படி இணைக்கப்பட்டிருந்தாலும் விளக்கு எரியும், அணையும். அபாயம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2. ஸ்விட்சு எந்தக் கம்பியில் அமைய வேண்டும்?

ஸ்விட்சு பேஸ் கம்பியிலேயே அமைய வேண்டும். நியூட்ரலில் அமைத்தாலும் விளக்கு அணையும் என்பது உண்மையே. ஆனால் அப்பொழுது மின்சாரம் ஹோல்டர் வரையில் வந்து நின்றுகொண்டிருக்கும். விளக்கு அணைந்திருப்பதை நம்பி, பல்பு மாற்றக் கை வைப்பவர் 230 வோல்ட்டைத் தொடுவார்.

மின்மாற்றியில் நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் பேஸைத் தொட்டால், அவர் உடலே திரும்பும் வழியாகிவிடும். குழித்தறியில் கால் வைத்திருப்பவரும், மழைக்காலத்தில் மோட்டார் அறையில் நிற்பவரும் இத்தகைய நிலையிலேயே உள்ளனர்.

'பியூஸ் காப்பாற்றாதா?' என்று சிலர் வினவுவர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியே ஓடுவது 0.23 ஆம்பியர். இஃது உயிரைப் போக்கப் போதுமானது. 100 வாட் குண்டு பல்பு இழுப்பதோ 0.43 ஆம்பியர். விளக்குச் சுற்றுக்கு இடப்படும் 6 ஆம்பியர் பியூஸ் இவ்விரண்டையும் பொருட்படுத்தாது. கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதே பியூஸின் வேலை. மனிதரைக் காப்பது அதன் வேலையன்று. அதற்கென உள்ள சாதனம், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகும். அதனைப் பொருத்திய வீட்டிலும் ஸ்விட்சு பேஸிலேயே இருத்தல் வேண்டும்.

3. ஸ்விட்சிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பி

பெரும்பாலும் தவறு நேர்வது இந்தக் கம்பியில்தான். பெட்டியிலிருந்து சிவப்புக் கம்பி ஸ்விட்சுக்கு வருகிறது. அங்கிருந்து மற்றொரு கம்பி விளக்குக்குச் செல்கிறது. இதனை ஸ்விட்சுக் கம்பி என்போம். ஸ்விட்சு போட்டிருக்கும்போது இதுவும் பேஸே; அணைத்தபோது உயிரற்றது. இதற்குக் கறுப்பைப் போடுவது பெருந்தவறு. சில ஆண்டுகள் கழித்துப் பழுது பார்க்க வரும் வேறொரு வயர்மேன், கறுப்பைக் கண்டதும் நியூட்ரல் என்றே கொள்வார். சிவப்பையே போட்டால் உடனடி அபாயம் குறைவு. ஆயினும் ஒரு பலகையில் ஐந்தாறு சிவப்புக் கம்பிகள் குவியும்போது, வரும் கம்பி எது, போகும் கம்பி எது என்று விளங்காது.

ஆகவே ஒருமுனை மின்சாரம் பெறும் வீட்டில், ஸ்விட்சுக் கம்பிக்கு மஞ்சள் அல்லது நீலம் கொள்வது நல்லது. விளக்குகளுக்கு மஞ்சள், மின்விசிறிக்கு நீலம் எனப் பிரித்தால் பின்னும் தெளிவு. மும்முனை இணைப்புள்ள வீட்டில் மஞ்சளும் நீலமும் பேஸ்களாகவே வருமாதலால், அங்கே ஸ்விட்சுக் கம்பிக்கு வெள்ளையோ சாம்பல் நிறமோ கொள்ளலாம். எதைக் கொண்டாலும் வீடு முழுவதும் ஒரே முறையாக இருக்க வேண்டும். அம்முறையை ஒரு தாளில் எழுதி மெயின் பலகையின் கதவில் ஒட்டிவைக்க வேண்டும்.

மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரு ஸ்விட்சுகள் வைப்பதுண்டு. பேஸ் முதல் ஸ்விட்சின் பொது முனைக்கு வரும்; இரண்டாம் ஸ்விட்சின் பொது முனையிலிருந்து விளக்குக்குச் செல்லும். இடையில் இரு ஸ்விட்சுகளையும் இணைக்கும் இரண்டு கம்பிகளுள் எந்நேரமும் ஒன்று மின்சாரம் உடையதாகவே இருக்கும். எனவே இவ்விரண்டிலும் கறுப்போ பச்சையோ கூடவே கூடாது.

4. கருவிகளோடு வரும் கம்பிகள்

தையல் இயந்திரம், மிக்சி முதலியவற்றின் வடத்துள் பழுப்பு, நீலம், மஞ்சள் கோடிட்ட பச்சை ஆகிய மூன்று நிறங்கள் காணப்படும். இவற்றுள் பழுப்பே பேஸ், நீலம் நியூட்ரல். நம் சுவர்க் கம்பிகளிலோ நீலம் பேஸாக இருத்தல் கூடும். ஆதலால் நிறத்துக்கு நிறம் என்று சேர்த்துவிடலாகாது. பிளக்கில் 'எல்' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த முனைக்குப் பழுப்பும், 'என்' எழுத்துள்ள முனைக்கு நீலமும், பெரிய முனைக்குப் பச்சையும் செல்ல வேண்டும். பிரிட்டனில் வீட்டுக் கம்பிகளுக்கும் 2004 முதல் சிவப்பு, கறுப்பை விடுத்துப் பழுப்பு, நீலம் என்னும் முறை புகுத்தப்பட்டது. அமெரிக்காவிலோ கறுப்பே பேஸ், வெள்ளை நியூட்ரல். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் அந்நாட்டுப் பழக்கத்தை இங்குக் கொண்டுவராமலிருக்க வேண்டும்.

5. செலவும் கூட்டுறவும்

நிறம் தவறுவதற்கு அறியாமை மட்டுமே காரணமன்று; சிக்கனமும் காரணமாகும். கம்பி 90 மீட்டர் சுருளாக விற்கப்படுகிறது. ஒரு சிறு வீட்டிற்குச் சிவப்பு 60, கறுப்பு 60, மஞ்சள் 45, பச்சை 45 மீட்டர் தேவை எனக் கொள்வோம். நான்கு சுருள் வாங்கினால் 360 மீட்டர், தேவையோ 210, மீதி 150 மீட்டர் மூலையில் கிடக்கும். இதற்கு அஞ்சியே, மஞ்சளை விட்டுவிட்டு மிச்சமிருக்கும் கறுப்பை ஸ்விட்சுக்கு இழுத்துவிடுகின்றனர்.

ஆறு உறுப்பினர் சேர்ந்து வாங்கினால் என்னவாகும்? சிவப்பு 360 மீட்டர், கறுப்பு 360 மீட்டர்: நிறத்துக்கு நான்கு சுருள். மஞ்சள் 270, பச்சை 270: நிறத்துக்கு மூன்று சுருள். ஆக 14 சுருளில் ஆறு வீடும் முடியும், மீதி ஒன்றுமில்லை. தனித்தனியே வாங்கியிருப்பின் 24 சுருள் ஆகியிருக்கும். பத்துச் சுருளின் விலை மிச்சமாவதோடு, ஒவ்வொரு வீட்டிலும் நிறமும் ஒழுங்காக அமையும். விளக்குச் சுற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் கேட்டு வாங்குதல் வேண்டும். ஒரு சுற்றில் விளக்கு, விசிறி, சிறு பிளக்கு எல்லாம் சேர்ந்து பத்து இடங்களுக்கும் 800 வாட்டுக்கும் மேற்படலாகாது.

6. பழைய வீடுகளில் செய்ய வேண்டியவை

பழைய மரச்சட்ட இணைப்புகளில் நிறத்தை நம்பவே கூடாது. வயர்மேனை அழைத்து, ஒவ்வொரு விளக்கின் ஸ்விட்சையும் அணைத்து, பல்பை எடுத்து, ஹோல்டரின் இரு முனைகளையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஸ்விட்சு அணைந்திருக்கையில் ஏதேனும் ஒரு முனையில் டெஸ்டர் எரிந்தால், ஸ்விட்சு நியூட்ரலில் இருக்கக்கூடும். அதனை மாற்றியமைத்தல் வேண்டும். அணைத்த பின்னும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக மினுங்குவது, இவ்வகைச் சோதனை தேவை என்பதற்கு ஓர் அறிகுறி. டெஸ்டர் எரியாததை மட்டும் நம்பிக் கை வைக்கலாகாது. மின்சாரம் உள்ளதென்று தெரிந்த இடத்தில் முன்னும் பின்னும் அதனைச் சோதித்துக் கொள்ள வேண்டும். பல்பு மாற்றுவதாயினும் மெயினை நிறுத்திய பின்னரே மாற்றுதல் நலம். கம்பியை மாற்ற இயலாத இடங்களில், அதன் இரு நுனிகளிலும் உரிய நிற நாடாவைச் சுற்றி வைக்கலாம்.

கணக்கை எழுதியவர் மாறிப் போனாலும், அடுத்து வருபவர் படித்தறியும்படி பேரேடு இருத்தல் வேண்டும் என்பது நாம் சங்கங்களில் வற்புறுத்தும் விதி. சுவருக்குள் மறையும் கம்பிக்கும் அவ்விதி பொருந்தும். பூச்சு பூசுமுன் வீட்டுக்காரர் ஒருமுறை கண்ணால் கண்டு, திருப்தி அடைந்த பின்னரே பணம் கொடுப்பாராக.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. ஸ்விட்சு நியூட்ரலில் அமைந்தால் விளக்கு அணையும். பின் அபாயம் யாது?
2. 6 ஆம்பியர் பியூஸ் மனிதரைக் காவாதது ஏன்?
3. மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஸ்விட்சுக் கம்பிக்கு மஞ்சள் தகாதது ஏன்?
4. உங்கள் சங்கத்தில் இவ்வாண்டு கம்பி மாற்றவிருக்கும் வீடுகள் எத்தனை? கூட்டாக வாங்கினால் மிச்சமாகும் சுருள்கள் எத்தனை?