குறும் புதிர் விளையாட்டுகளும் விளையாட்டாளர் கருத்துகளும்: ‘வெண்பா’வை முன்வைத்து ஒரு பார்வை

முன்னுரை

கவிதை நூல் ஒன்றை அதன் பக்கங்களை எண்ணி யாரும் மதிப்பிடுவதில்லை. ஆனால், கணினி விளையாட்டு என்று வந்துவிட்டால் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை மணி நேரம் விளையாடலாம்?” என்பதுதான். நானும் அப்படிக் கேட்டவன்தான். சிகாமட்டில் நண்பர்கள் மூவருடன் வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் எனக்கு, ஒரு விளையாட்டுக்குக் கொடுக்கும் பணம் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு. ஆகவே அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், அந்த ஒரு கேள்வியை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு ஒரு படைப்பை எடைபோட்டால் என்ன நேரும் என்பதை என் சொந்த அனுபவத்தில் அறிந்தேன். அதனை ஒட்டியே இக்கட்டுரை அமைகிறது.

குறும் புதிர் விளையாட்டு என்பது யாது?

பெரிய நிறுவனங்களின் முதலீட்டை நம்பாமல், ஒருவரோ ஒரு சிலரோ சேர்ந்து உருவாக்கும் விளையாட்டை ‘இண்டி’ விளையாட்டு என்பர். அவற்றுள் புதிர்களை மையமாகக் கொண்டு, ஓரிரு அமர்வுகளில் முடிந்துவிடக்கூடியவற்றையே இங்குக் குறும் புதிர் விளையாட்டு என்கிறேன்.

இவை ஏன் குறுகியனவாக இருக்கின்றன? சோம்பலும் பணக்குறைவும் மட்டுமே காரணம் எனச் சிலர் எண்ணுகின்றனர். பணக்குறைவு உண்மையே. ஆனால், புதிரின் இயல்பே அதைவிட முக்கியமான காரணம். நம் பாட்டிமார் சொன்ன விடுகதைகளை நினைத்துப் பாருங்கள். விடை தெரியும்வரைதான் அது விடுகதை. தெரிந்த பின் அதே விடுகதையை மறுபடியும் நம்மிடம் போட முடியாது. சுடும் விளையாட்டில் அதே எதிரியை நூறு முறை வரவழைக்கலாம். புதிர் விளையாட்டில் ஒவ்வொரு நிமிடத்திற்கும் புதிய சிந்தனை தேவை. அந்தச் சிந்தனை தீர்ந்த இடத்தில் நிறுத்துவதுதான் நல்ல படைப்பாளியின் அடையாளம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘கொரகோவா’. அமெரிக்கரான ஜேசன் ராபர்ட்ஸ் தாமே கையால் படங்களை வரைந்து, பல ஆண்டு உழைப்பிற்குப் பின் 2017 டிசம்பரில் இதனை வெளியிட்டார். திரையில் நான்கு கட்டங்கள் உள்ளன. கட்டங்களில் உள்ள படங்களை நகர்த்தியும், பெரிதாக்கியும், ஒன்றன்மேல் ஒன்றை வைத்தும் கதையை முன்னெடுக்க வேண்டும். பல ஆண்டுகளின் உழைப்பை விளையாட்டாளர் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். ஆக, விளையாடும் நேரத்திற்கும் படைக்கும் நேரத்திற்கும் தொடர்பே இல்லை என்பது இதனால் விளங்கும்.

மாணவர்களாகிய நாம் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-இல் ‘நார்பாகுலர் டிராப்’ என்ற சிறிய புதிர் விளையாட்டை உருவாக்கினர். அதனைக் கண்ட வால்வ் நிறுவனம் அம்மாணவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர்களின் சிந்தனையே 2007-இல் உலகப் புகழ்பெற்ற ‘போர்ட்டல்’ ஆக வளர்ந்தது. அதுவும் சில மணி நேரங்களில் முடியும் விளையாட்டுத்தான்.

விளையாட்டாளர்களின் குறை

“விலை அதிகம், நேரம் குறைவு” என்ற முறையீடு புதிதன்று. ஜொனதன் புளோ படைத்த ‘பிரேய்ட்’ 2008 ஆகஸ்டில் 15 அமெரிக்க டாலருக்கு வெளிவந்தபோது, இவ்வகைச் சிறிய விளையாட்டிற்கு 10 டாலருக்குமேல் கொடுப்பதா எனப் பலர் கேட்டனர். 2010-இல் வந்த ‘லிம்போ’வும் இதே கேள்வியைச் சந்தித்தது.

எல்லாவற்றிலும் பேசப்பட்டது ‘மான்யுமெண்ட் வேலி’. லண்டனைச் சேர்ந்த அஸ்டூ நிறுவனம் 2014 ஏப்ரலில் வெளியிட்ட கைப்பேசி விளையாட்டு இது. கண்ணை ஏமாற்றும் கட்டடங்களின் வழியே ஓர் இளவரசியை நடத்திச் செல்ல வேண்டும். மொத்தம் 10 பகுதிகள். விளையாடியோர் பாராட்டினர், உடனே “இவ்வளவுதானா?” என்றும் கேட்டனர். அதே ஆண்டு நவம்பரில் மேலும் 8 பகுதிகள் வெளிவந்தன. அவற்றிற்கு 2 டாலருக்குச் சற்றுக் குறைவாக விலை வைத்ததற்காகப் பலர் கோபங்கொண்டு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தனர். முதல் விளையாட்டிற்கு 55 வாரங்களும் 852,000 டாலரும், கூடுதல் பகுதிகளுக்கு 29 வாரங்களும் 549,000 டாலரும் செலவாயின எனப் பின்னர் அந்நிறுவனமே கணக்கை வெளியிட்டது. அந்த ஒற்றை நட்சத்திரத்தைக் கொடுத்தவர்களுள் எத்தனை பேர் இதனை அறிந்திருப்பர்?

இத்தகைய கருத்துகளை ஊன்றிப் படித்தால் மூன்று வகை புலப்படும். முதலாவது, நேரக் கணக்கு: “கொடுத்த பணத்திற்கு இத்தனை மணி நேரந்தானா?” இரண்டாவது, கடினக் கணக்கு: “புதிர் மிகவும் எளிது” அல்லது “மிகவும் கடினம்.” மூன்றாவது, நிறைவுக் கணக்கு: “முடிந்த பிறகும் மனத்தில் நின்றது” அல்லது “பாதியில் விட்டதுபோல் இருந்தது.” முதல் இரண்டையும் நாம் சட்டென்று எழுதிவிடுகிறோம். மூன்றாவதற்குத்தான் சற்றுச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

தமிழர் கதையாக ஒரு விளையாட்டு

இனி, நமக்கு நெருக்கமான ஒன்றிற்கு வருவோம். கனடாவின் டொரோண்டோ நகரில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு, 2023 ஜூலை 31-இல் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. இதனை வடிவமைத்தவர் அபி என்ற தமிழர். 1980-களில் தமிழகத்திலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை இது.

வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. அதில் சில எழுத்துகள் அழிந்துபோயுள்ளன. விடுபட்டதை ஊகித்துச் சமைத்து முடிப்பதே புதிர். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் இடுவது, எதை அடுத்து இடுவது என்றெல்லாம் யோசிக்க வேண்டும். தவறினால் மறுபடியும் முயலலாம். தமிழ் பேசக் கூச்சப்படும் சிறுவனாக வளரும் கவின், பின்னொரு காலத்தில் அம்மாவின் கையெழுத்தைத் தானே படித்துச் சமைக்க முயலும் இடம் ஒன்று வருகிறது. அவனுடைய தமிழ்க் குறைபாடே அங்குப் புதிராகிவிடுகிறது. அந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள், இடைநிலைப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாகக்கூட எடுக்காமல் விட்ட என் உறவுக்காரப் பிள்ளைகள்.

இவ்விளையாட்டை ஒன்றரை மணி நேரத்திற்குள் முடித்துவிடலாம். அதனால் இதற்கும் பழைய முறையீடே வந்தது. கதையைப் பாராட்டியவர்களே, “இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம்”, “இன்னும் சில உணவு வகைகள் இருந்திருக்கலாம்” என்றனர். எனினும், 2024-இல் சுயேச்சை விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும், அதே ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் ‘வெண்பா’ பெற்றது.

எங்கள் வீட்டில் நடந்தது

நான் மடிக்கணினியில் இதனை விளையாடியபோது என் வீட்டு நண்பர்களும் சுற்றி அமர்ந்துகொண்டனர். புட்டுச் செய்யும் பகுதி எனக்கு நொடியில் முடிந்தது. என் பாட்டி செய்வதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவன் அல்லவா! “இதெல்லாம் ஒரு புதிரா?” என்று உரக்கவே சொன்னேன்.

சீன நண்பர் ஒருவர் தாமும் முயன்று பார்க்க விரும்பினார். பாசார் மாலாமில் விற்கும் ‘புத்து பம்பு’வை அவர் அறிவார். மூங்கில் குழலில் மாவை இட்டு, நடுவில் குலா மலாக்காவை வைத்து அவிக்கும் பலகாரம் அது. அந்த நினைவில் தேங்காய்த் துருவலை நடுவில் மட்டும் வைக்க வேண்டும் என எண்ணினார். சரிவரவில்லை. குறிப்பேட்டை மீண்டும் படித்தார். கிழிந்துபோன வரியில் என்ன இருந்திருக்கும் என எங்களிடம் வாதிட்டார். இறுதியில் விடை கிடைத்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சியை நான் அடையவில்லை. எனக்குப் புதிரே இல்லாத இடம், அவருக்கு அந்த இரவின் சிறந்த பகுதியாக இருந்தது.

“எளிது” என்ற சொல் விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று; சொல்பவர் எதை ஏற்கெனவே அறிந்திருக்கிறார் என்பதைப் பற்றியதும் ஆகும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. விளையாடி முடித்ததும் நண்பன் ஒருவன், “டேய், இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகல. காசைத் திருப்பிக் கேளு, கொடுத்துருவாங்க” என்றான். உண்மைதான். விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ தளத்தில் 2015 முதல் ஒரு விதி உண்டு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருந்தால், எந்தக் காரணத்திற்காகவும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நானும் கேட்டேன், பணமும் வந்தது. மாதக் கடைசி என்பதால் மகிழ்ச்சியாகவே இருந்தது.

இரண்டு மணி நேர விதி

பிறகு இக்கட்டுரைக்காகத் தேடியபோது ஒரு செய்தியைப் படித்தேன். ‘எமிகா கேம்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய ஒரு படைப்பாளர், ‘சம்மர் ஆஃப் 58’ என்ற குறுகிய திகில் விளையாட்டை 2021-இல் வெளியிட்டார். விளையாடியோர் கருத்துகளுள் மிகப் பெரும்பாலானவை நல்லவையே. ஆனால், அது 2 மணி நேரத்திற்குள் முடிந்துவிடுவதால், முழுவதும் விளையாடிய பலர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அடுத்த விளையாட்டைத் தொடர வருமானம் இல்லாததால், காலவரையின்றி இத்தொழிலை விட்டு விலகுவதாக அவர் 2021 ஆகஸ்டில் அறிவித்தார்.

அந்த விதி தீயதன்று. கணினியில் இயங்காத விளையாட்டையும், விளம்பரத்தை நம்பி ஏமாந்து வாங்கியதையும் திருப்பிக் கொடுக்க அது உதவுகிறது. ஆனால், 60 மணி நேர விளையாட்டிற்கு அது முன்னோட்டமாக அமைகிறது. ஒன்றரை மணி நேர விளையாட்டிற்கோ முழுப் படைப்பையும் இலவசமாக்கிவிடுகிறது. உணவகத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, “அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டதே” எனப் பணத்தைத் திரும்பக் கேட்போமா?

இதன் விளைவு எங்குப் போய் முடியும்? படைப்பாளர்கள் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதற்காகவே தேவையற்ற நடையையும் திரும்பத் திரும்ப வரும் புதிர்களையும் சேர்க்கத் தொடங்குவர். பிறகு நாமே, “இழுவையாக இருக்கிறது” என்று குறை எழுதுவோம்.

கருத்து எழுதுவது எப்படி?

விளையாட்டாளரின் கருத்து இன்று வலிமை வாய்ந்தது. வாங்கலாமா வேண்டாமா என முடிவு செய்யுமுன் பலர் அதனையே படிக்கின்றனர். எனவே எழுதுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. ஒவ்வொரு புதிரும் புதிதாக ஒன்றைச் சொன்னதா, பழையதையே திரும்பச் சொன்னதா? இதுவே குறும் புதிர் விளையாட்டின் உண்மையான அளவுகோல்.

2. எளிது, கடினம் என்பது யாருக்கு? “புட்டுச் செய்யத் தெரிந்தவருக்கு எளிது” என்று எழுதினால், படிப்பவர் தமக்கு எப்படியிருக்கும் என ஊகித்துக்கொள்வார்.

3. முடிய வேண்டிய இடத்தில் முடிந்ததா? ‘வெண்பா’வைப் பொறுத்தவரை, கவின் வளர்ந்த பின்வரும் பகுதிகள் சற்று விரைந்து ஓடுவதாக எனக்குத் தோன்றியது. “நேரம் போதவில்லை” என்பதைவிட, “இந்த இடத்தில் இன்னும் ஒரு காட்சி வேண்டும்” என்பது படைப்பாளருக்குப் பயன்படும் குறை.

4. குறை விளையாட்டின்மீதா, விலையின்மீதா? இரண்டையும் கலக்கக் கூடாது. விலை நம் கைக்கு எட்டவில்லை என்றால் அதனைத் தனியே சொல்லலாம். தள்ளுபடி விற்பனை வரும்வரை காத்திருக்கலாம். முழுவதும் விளையாடிவிட்டுப் பணத்தைக் கேட்பதைவிட அது நேர்மையானது.

முடிவுரை

இவ்விளையாட்டின் பெயரே நமக்கு ஒரு பாடம். வெண்பா வகைகளுள் மிகச் சிறியது குறள் வெண்பா. இரண்டே அடி, முதலடியில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று சீர். அந்த ஏழு சீரைப் படிக்கச் சில நொடிகளே ஆகும். அதற்காக வள்ளுவர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என எந்தத் தமிழரும் முறையிட்டதில்லை. குறுமையைப் போற்றும் மரபில் வந்த நாம், விளையாட்டுத் துறையில் மட்டும் நாழிகைக் கணக்குப் பார்ப்பது பொருந்துமா?

அடுத்த விடுமுறையில் தள்ளுபடிக்குக் காத்திராமல் முழு விலை கொடுத்து ‘வெண்பா’வை மறுபடியும் வாங்கினேன். நம் கழக உறுப்பினர்களுள் கணினித் துறையில் பயில்வோரும் உள்ளனர். தோட்டத்து வாழ்க்கையையோ, ரயில் தண்டவாளத்தோரம் வளர்ந்த பிள்ளைப் பருவத்தையோ நாளை அவர்களுள் ஒருவர் ஒரு மணி நேரப் புதிராக ஆக்கித் தரக்கூடும். அன்று அதனை முதலில் விளையாடப் போகிறவர்கள் நாம்தாம். “எத்தனை மணி நேரம்?” என்று கேட்குமுன், என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்போம். பார்த்ததைத் தமிழிலும் எழுதுவோம்.